கிருமி வளர்த்த வீடு

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அப்புறம் முழிக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. அவள் கணவர் அந்த ரகம் இல்லை. ஒரு வார்த்தை பேசுவதற்குள் அதை நாலு தரம் கழுவித் துடைத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார். அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்கு, குழந்தைகள் காப்பகத்தின் பார்வையாளர் அறையில் உட்கார்ந்துகொண்டு, ஏழு வயதுச் சிறுமி கேட்ட கேள்விக்குப் பட்டென்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார்.

"உங்க வீட்ல மீன் இருக்கா?"

"இருக்கு."

"எத்தனை?"

"ஆறு."

பக்கத்தில் இருந்த அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் வீட்டில் மீன் என்ன, மீன் படம் போட்ட ஒரு துண்டுகூடக் கிடையாது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் சிறுமி வாயைத் திறந்தது அந்த இரண்டு கேள்விக்குத்தான். மற்ற நேரமெல்லாம் தன் செருப்பு வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு" என்றதும் ஒருமுறை நிமிர்ந்தாள். அந்த ஒரு பார்வையிலேயே இவர்கள் இருவர் கதையும் முடிந்துபோனது.

சிறுமியை உள்ளே அனுப்பிவிட்டுத் தத்துப் பிரிவு அதிகாரி விஷயத்தைச் சொன்னார். வெள்ளை முடியும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு பேச்சுமாக இருந்த அம்மாள்.

"ஏற்கனவே ரெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளை. முதல் வீட்ல நாய்க்குட்டி இருக்குன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. போய்ப் பார்த்தா இல்ல. அதிலேர்ந்து யார் வந்தாலும் என்ன இருக்குன்னு கேக்குது. நாலு வாரம் கழிச்சு, சனிக்கிழமை காலையில உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றேன். ரெண்டு மணி நேரம் இருக்கட்டும். அப்புறம் அவகிட்டயே கேப்போம். அவ சரின்னு சொன்னாத்தான் மேற்கொண்டு. நாங்க யாரையும் வற்புறுத்த மாட்டோம்."

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"இல்லைன்னு சொல்ல வாய் வரல."

அதற்கு மேல் திட்ட அவளுக்கும் வாய் வரவில்லை. யானை இருக்கிறதா என்று கேட்டிருந்தால் அவளே பத்து இருக்கிறது என்று சொல்லியிருப்பாள். பதினான்கு வருஷம். எத்தனை மருத்துவமனை வாசல், எத்தனை மாத்திரை, எத்தனை பேருடைய 'ச்சூ' கொட்டல். அவள் வேலை பார்ப்பது பள்ளிச் சீருடைக் கடையில், தைத்த துணியை அளவுக்குப் பிடிக்கவும் பிரிக்கவும் உள்ள மேஜையில். ஊரார் பிள்ளைகளின் தோளையும் இடுப்பையும் அளந்து அளந்து, ஏழு வயது என்றால் கை நீளம் எவ்வளவு என்று அவள் விரலுக்கே தெரியும். அன்றைக்கு அந்தச் சிறுமி போட்டிருந்த சட்டை தோளில் இரண்டு விரல் தொங்கியது. அதைப் பிடித்துத் தைக்கவேண்டும் என்று அவள் கை துடித்தது. வெறும் சட்டைக்காகத் துடிக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது கணவரைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். அறுவைசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில் அவருக்கு வேலை. கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, துணியில் பொட்டலம் கட்டி, ஆவி இயந்திரத்தில் வைத்து, ஒரு உயிர்கூட மிச்சமில்லாமல் வெளியே எடுத்து, தேதி போட்ட ஒட்டுநாடா ஒட்டி அனுப்புவார். இருபது வருஷமாக இதே வேலை. நர்ஸுகள் அவரை 'ஆவி சார்' என்று கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள், "ஆவி சாரைக் கூப்பிடு" என்பதைக் கேட்டுத் திடுக்கிடுவதும் உண்டு. வீட்டிலும் அதே கெடுபிடிதான். கதவுக் கைப்பிடிக்கு ஒரு துணி, சுவிட்சுக்கு ஒரு துணி. அவள் வாழ்க்கையில் பாதி கை கழுவியே போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் வண்ணமீன் கடைக்குப் போனார்கள். கடையை நடத்தியது முப்பது வயதுப் பெண். முழங்கைவரை ஈரம், காதில் பேனா, நாக்கில் கத்தி. வாசலில் ஒருவர் நின்று, "மீன் கிலோ என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க பார்க்கத்தான் மீன், அண்ணே. சாப்பிட அடுத்த தெரு" என்று அவரை அனுப்பிவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

தொட்டி ஒன்று, மணல் கொஞ்சம், தொட்டியின் பின்னால் தொங்குகிற பெட்டி ஃபில்டர் ஒன்று. இதுவரை சண்டை இல்லை. ஃபில்டருக்கு உள்ளே எதைப் போடுவது என்று வந்தபோதுதான் தகராறு.

கடைக்காரி ஒரு சொரசொரப்பான கறுப்புப் பஞ்சையும், கைப்பிடி அளவு பீங்கான் வளையங்களையும் எடுத்து வைத்தாள். "இது ரெண்டும் போதும், அக்கா. மீன் போடுற கழிவு தண்ணில விஷமா மாறும். அந்த விஷத்தைத் தின்னே பிழைக்கிற கிருமி ஒண்ணு இருக்கு. அது எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், அதுக்குக் குடியிருக்க இடம் வேணும். இந்த வளையத்தைப் பாருங்க. பார்க்க இத்துனூண்டு. உள்ள பூரா ஓட்டை. ஒரு ஊரே குடியிருக்கலாம்."

கணவர் வளையத்தை இரண்டு விரலால், செத்த பூச்சியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தார்.

"ஓட்டை உள்ள சாமானை எங்க பிரிவு வாசலுக்குள்ளயே விடமாட்டோம்மா. உள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதோ, அந்த வெள்ளைப் பஞ்சு இருக்கே, அது என்ன?"

"அது தூசி வடிகட்ட."

"அந்தப் பொட்டலம்?"

"கரி. தண்ணியில நிறம், வாடை இருந்தா எடுக்கும். பளிச்சுன்னு இருக்கும். ஆனா..."

"அந்த ரெண்டையும் குடுங்க."

கடைக்காரி அவளைப் பார்த்தாள். அவள் என்ன செய்வாள்? கணவர் ஒற்றைக் காலில் நின்றார். பிள்ளை வருகிற வீட்டில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டுமாம். கடைக்காரி தோளைக் குலுக்கினாள். "என் வாய் வலிக்கச் சொல்லிட்டேன். மீன் இப்ப வேண்டாம். இந்தப் பாட்டில்ல அமோனியா இருக்கு, தினம் நாலு சொட்டு விடுங்க. கிருமிக்கு அதான் சோறு. இந்தக் கண்ணாடிக் குழாயில தண்ணி எடுத்து, மருந்து ஊத்திப் பாருங்க. பச்சையா மாறினா விஷம் இருக்கு. மஞ்சளா நின்னா மீன் வாங்க வாங்க."

பத்து நாள் ஓடியது. தண்ணீர் என்னவோ பளிங்குதான். எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "தொட்டி காலியா இருக்கே, தண்ணி ஊத்தலையா?" என்று கேட்கிற அளவுக்குப் பளிங்கு. குழாயில் மட்டும் தினமும் பச்சை. நாளுக்கு நாள் இன்னும் கறுத்த பச்சை. அவள் ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வேலை முடிந்து கடைக்கு ஓடினாள்.

"உள்ள என்ன இருக்கு?"

"கரியும் வெள்ளைப் பஞ்சும்."

"பஞ்சை மாத்தினீங்களா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் புதுசு போடறார். பழுப்பா ஆகுதாம்."

கடைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, அந்தப் பழுப்புலதான் ஏதாவது ஒட்டத் தொடங்கியிருக்கும். குடி வந்தவங்களை வாரம் மூணு தரம் வீட்டோட தூக்கிக் குப்பையில போடறார் உங்க வீட்டுக்காரர். எப்ப மீன் வேணும்?"

"பதினெட்டு நாள்ல."

"புதுசா வளர்த்தா ஆறு வாரம்கூட ஆகும். அப்படி என்ன அவசரம்?"

அவள் சொன்னாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம், மீன் தொட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, நாய்க்குட்டிக் கதையிலிருந்து "ஆறு" வரைக்கும் சொன்னாள். குரல் எங்கேயும் உடையக்கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசினாள். கடைசியில் உடைந்தது.

கடைக்காரி பெரிய தொட்டி ஒன்றின் மூடியைத் திறந்து, ஃபில்டருக்குள் கையை விட்டு, பழுப்பேறிய பஞ்சு ஒன்றை வெளியே எடுத்துக் கத்தரியால் பாதியாக வெட்டினாள். அழுகின இலை வாடை அடித்தது.

"மூணு வருஷம் ஓடின பஞ்சு. என்கிட்ட குடுக்கிற மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான். இதைப் புதுப் பஞ்சு, வளையத்தோட சேர்த்து வையுங்க. இதுலேர்ந்து அதுக்குப் பரவும். காயக் கூடாது. குழாய்த் தண்ணி படக் கூடாது. அலசவே அலசாதீங்க. உங்க வீட்டுக்காரர் கண்ணுல படாம வையுங்க."

அவள் புதுப் பஞ்சும் வளையமும் வாங்கிக்கொண்டு, தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, தொட்டித் தண்ணீர் ஊற்றி, அதற்குள் அந்தப் பஞ்சை வைத்து, பேருந்தில் இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அவளுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

வீட்டில் கணவர் எதிர்த்துப் பேசவில்லை. கரியையும் வெள்ளைப் பஞ்சையும் தானே எடுத்து வெளியே போட்டார். ஆனால் அந்தப் பழைய பஞ்சு ஃபில்டருக்குள் இறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், பாவம். பிறகு பத்து நிமிஷம் கை கழுவினார்.

அடுத்து வந்த மாதிரியான நாட்கள் அந்த வீட்டில் அதற்கு முன்னால் வந்ததில்லை. காலையில் எழுந்ததும் இருவரும் நேரே தொட்டிக்குத்தான் போவார்கள். அவள் குழாயில் தண்ணீர் எடுப்பாள். அவர் மருந்தைச் சொட்டு எண்ணி விடுவார், அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஐந்து நிமிஷம் காத்திருக்கவேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் ஏதேதோ பேசுவார்கள். பிள்ளை எந்தக் கையால் எழுதுகிறாளோ, இருட்டுக்குப் பயப்படுவாளோ, எதிரே இருக்கிற பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களோ. ஒருநாள் அவர், "நம்மளை என்னன்னு கூப்பிடுவா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ வருஷமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எத்தனை விதமாகவோ பதிலும் கேட்டிருக்கிறாள்.

பச்சை வெளுத்தது. இலைப் பச்சை தளிர்ப் பச்சையானது. செவ்வாய்க்கிழமை காலை, சனிக்கிழமைக்கு நாலே நாள் இருக்கும்போது, குழாயில் தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக நின்றது. முந்தின நாள் விட்ட அமோனியா முழுவதையும் ராத்திரிக்குள் கிருமிகள் தின்று தீர்த்துவிட்டன. அவளுக்கு உச்சி குளிர்ந்தது. கணவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலை முடிஞ்சுது" என்றார். அவளும் சந்தோஷத்தில், "ஆமா, முடிஞ்சுது" என்று சொல்லிவைத்தாள்.

அங்கேதான் வினை.

அந்த வாரம் அவருக்குப் புதன்கிழமை விடுமுறை. மாலையில் அவள் சீருடைக் கடையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. வேகவைத்த ரப்பர் மாதிரி. சமையல் மேடையில் குக்கர் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளைத் துணியில் கச்சிதமாகக் கட்டிய இரண்டு பொட்டலங்கள். மேலே ஒட்டுநாடா. அதில் அன்றைய தேதி, நேரம், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில்: 'பஞ்சு', 'வளையம்'.

அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டேன். நல்லா அலசி, குக்கர்ல வச்சு மூணு விசில். இனிமே பயமே இல்ல. பிள்ளை கையை விட்டாலும் ஒண்ணும் ஆகாது."

அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "ஏங்க... ஏன்?"

"நீதானே சொன்ன, வேலை முடிஞ்சுதுன்னு? ஆபரேஷன் முடிஞ்சா கருவி எல்லாம் ஆவிக்குத்தானே போகணும்?"

அவர் சொன்னதில் கள்ளம் எள்ளளவும் இல்லை. இருபது வருஷம், ஒரு நாள் தவறாமல், வேலை முடிந்த எதையும் அவர் ஆவியில் வைக்காமல் விட்டதில்லை. தண்ணீர் சுத்தமாகிவிட்டது, சுத்தம் செய்தது அழுக்காக இருக்கிறது, அதையும் சுத்தம் செய்தால் பூரணம். அவருடைய கணக்கில் எங்கேயும் ஓட்டை இல்லை. அந்தக் கிருமிகள் தினமும் இருந்து, தினமும் தின்றுகொண்டிருந்தால்தான் மீன் பிழைக்கும் என்பது அவர் தலையில் ஏறவே இல்லை. அதை உட்கார்ந்து சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் பின்னால் யோசித்தது. அந்த நிமிஷத்தில் அவள் யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"உங்க கை பட்ட இடத்துல எதுவுமே உயிரோட இருக்காது."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட வார்த்தை. பதினான்கு வருஷத்தில், யார் யாரோ எப்படி எப்படியோ குத்திக்காட்டியபோதுகூட இந்த இருவரும் ஒருவரை ஒருவர் அந்த இடத்தில் தொட்டதில்லை. அவர் பொட்டலங்களைப் பிரித்தார். பஞ்சையும் வளையங்களையும் ஒவ்வொன்றாக ஃபில்டருக்குள் அடுக்கினார். மூடினார். பிறகு தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் கை கழுவாமல் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை குழாய் மறுபடியும் பச்சை.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் வண்ணமீன் கடைக்கு ஓடினாள். கடைக்காரி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே மறித்தாள். புதிதாக வந்த மீன்களில் வெள்ளைப்புள்ளி நோய். எல்லாத் தொட்டியிலும் மருந்து ஊற்றியிருக்கிறாள்.

"ஒரு சொட்டுத் தண்ணிகூட இங்கேர்ந்து வெளிய போகக் கூடாது, அக்கா. பஞ்சும் கிடையாது, மீனும் கிடையாது. என்ன ஆச்சு?"

"குக்கர்ல வச்சுட்டார்."

கடைக்காரி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. "நாளன்னிக்குத்தானே வருது பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவசரப்பட்டு வேற எங்கயாவது வாங்கிப் போட்டுடாதீங்க. ரெண்டு மூணு நாள் நீந்தும். அப்புறம் மூச்சு வாங்கி ஒண்ணொண்ணா மேல வரும்."

கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே, வெள்ளிக்கிழமை மாலை நகரத்தின் மறுகோடியில் இருந்த வேறொரு கடைக்குப் போய் நின்றாள். அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆறு மீன். ஆரஞ்சு உடம்பு, கறுப்புப் பட்டை, கட்டைவிரல் நீளம். பிளாஸ்டிக் பையில் காற்றடைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, பையைப் பிரிக்காமல் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டாள். இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாக வேண்டும், கால் மணி நேரம் ஆகும். மாலை வெயில் ஜன்னல் வழியே தொட்டியில் விழுந்தது. ஆறு மீனும் பைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. எவ்வளவு அழகு! நாளைக்கு இந்தக் கண்ணாடியில் ஒரு சின்ன மூக்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்காக எதையும் செய்யலாம் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஒரே ஒரு சனிக்கிழமை. இரண்டே மணி நேரம்.

கணவர் வேலையிலிருந்து வந்து அவள் பின்னால் நின்றார். புதன்கிழமைக்கு அப்புறம் இருவரும் உப்புக்கும் சப்புக்கும் இல்லாத நாலு வார்த்தைதான் பேசியிருந்தார்கள்.

"போடப் போறியா?"

"ஆமா."

அவர் மறுக்கவில்லை. மறுக்கிற தகுதி தனக்கு இல்லை என்று நினைத்திருப்பார். அவர் சும்மா நின்றதுதான் அவளை யோசிக்க வைத்தது. பையில் ஒரு மீனுக்கு வாலில் சின்ன வெட்டு இருந்தது. அது மற்றவற்றின் பின்னாலேயே ஒண்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் எப்போதும் அந்த மாதிரி ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். இது என்னோடது என்று சொல்லும். ஒரு பெயர் வைக்கும். அடுத்த தரம் வரும்போது வாசலிலேயே, அது எங்கே என்று கேட்கும். அப்போது என்ன சொல்வது? தூங்குகிறது என்றா? வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்றா? இரண்டு வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பிள்ளையிடம், வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அவள் பையைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள்.

"என்னால முடியல. திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். "அன்னிக்கு நான் சொன்னது..."

"விடு" என்றார் அவர். "வா, நானும் வர்றேன். பஸ்ல நிக்கிற கூட்டத்துல பை நசுங்கிடும்."

மறுகோடிக் கடைக்காரர், விற்றதைத் திருப்பி எடுப்பதில்லை என்றார். எங்களுக்கு எதுவும் வேண்டாம், மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள் என்றார் இவர். கடைக்காரர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அதிகாரி அம்மாள் கையில் கோப்போடு, பக்கத்தில் சிறுமி. அதே தொங்கல் சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, வெளியே பார்த்தபடி வைத்தாள். உடனே கிளம்புகிற பழக்கம் உள்ளவர்கள் வைக்கிற மாதிரி.

சிறுமி யாரையும் பார்க்கவில்லை. நேரே தொட்டிக்குப் போனாள். முன்பக்கம் பார்த்தாள். பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். குனிந்து மணலைப் பார்த்தாள். ஃபில்டருக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"எங்க?"

இவள் வாயைத் திறக்கப் போனாள். கணவர் முந்திக்கொண்டு, முட்டி போட்டுச் சிறுமியின் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"இல்லம்மா. அன்னிக்கும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

அதிகாரியின் பேனா கோப்பின்மேல் நின்றது. சிறுமி முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. எதிர்பார்த்தது வந்தால் யாருக்கு மாறும்?

"நீ வர்றதுக்குள்ள நிஜமாக்கிடலாம்னு பார்த்தோம்" என்று அவர் தொடர்ந்தார். "மீன் வாழணும்னா முதல்ல அந்தப் பஞ்சுல கண்ணுக்குத் தெரியாத கிருமி வளரணும். நல்ல கிருமி. கஷ்டப்பட்டு வளர்ந்துச்சு. நான்தான் புத்தி கெட்டுப் போய், அதை எடுத்துக் குக்கர்ல வச்சுட்டேன்."

"குக்கர்லயா?"

"ஆமா."

"எத்தனை விசில்?"

"மூணு."

சிறுமி அவளைத் திரும்பிப் பார்த்தாள், இது நிஜமா என்பதுபோல. அவள் தலையை ஆட்டினாள். சிறுமியின் உதட்டின் ஓரம் லேசாக இழுத்தது. சிரிப்பு என்று அதைச் சொல்லிவிட முடியாது. அதிகாரிதான் பொத்துக்கொண்டு சிரித்து, கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார்.

"அப்ப எல்லாம் செத்துப் போச்சா?"

"எல்லாம்" என்றாள் அவள். "இப்ப முதல்லேர்ந்து வளர்க்கறோம்."

"தெரியுமா, வளருதுன்னு?"

"பார்க்கறியா?"

சிறுமி நாற்காலியில் ஏறி நின்றாள். குழாயில் அவளே தண்ணீர் எடுத்தாள். இடது கை. கணவர் பாட்டிலைக் கையில் கொடுத்துச் சொட்டு எண்ணச் சொன்னார். எட்டுச் சொட்டும் அவள் வாய்விட்டு எண்ணினாள். அந்த வீட்டில் ஒரு பிள்ளை எண்ணுகிற சத்தத்தை அந்தச் சுவர்கள் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டன. ஐந்து நிமிஷத்தில் குழாய் கரும்பச்சையாக நின்றது.

"இது நல்லதா?"

"இல்ல. மஞ்சளா வரணும்."

"எப்ப வரும்?"

"தெரியல. ஒரு மாசம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம்" என்றாள் அவள். பொய்யாக ஒரு தேதி சொல்லவேண்டும் என்று நாக்கு நமநமத்தது. சொல்லவில்லை.

அதற்கப்புறம் சிறுமி அதிகம் பேசவில்லை. கிருமிக்கு நாலு சொட்டுச் சோறு விட்டாள். பஞ்சை எடுக்கலாமா என்று கேட்டு, கூடாது என்றதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வீட்டைச் சுற்றிக் காட்டியபோது ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். மீன் இல்லாத தண்ணீரை அவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இவர்கள் இருவரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா என்றோ அம்மா என்றோ, ஏன், அங்கிள் ஆன்ட்டி என்றுகூட அவள் கூப்பிடவில்லை. ஒரு பெயரும் இல்லாமல் நேராகவே பேசினாள். கூப்பிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று அதிகாரி முன்பே எச்சரித்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி கோப்பை மூடினார். "போலாமா?"

சிறுமி எழுந்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வெளியே பார்த்து வைத்த செருப்பு, மாட்ட ஒரு நொடிகூட ஆகவில்லை. இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்த முகமாக வழியனுப்பவேண்டும், அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. கணவர் அவள் பின்னால், கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

இரண்டு படி இறங்கிய சிறுமி, அதிகாரியின் கையை விட்டுவிட்டுத் திரும்பி மேலே ஏறி வந்தாள்.

"மீன் வாங்கிடாதீங்க" என்றாள்.

இவள் கதவை விட்டுவிட்டுக் குனிந்தாள். "ஏன்டா?"

"மஞ்சளா வந்தாலும் வாங்காதீங்க. நான் வந்தப்புறம் வாங்கலாம்."

இவள் சரி என்று தலையை ஆட்டினாள். போதாதோ என்று இன்னொரு தரமும் ஆட்டினாள். சிறுமி அவள் பின்னால் நின்ற மனிதரை நிமிர்ந்து பார்த்து, அவரும் தலையாட்டும்வரை நின்றுவிட்டு, அப்புறம்தான் படி இறங்கினாள்.